பிறந்தநாளில் தேதிக்கோட்டைக் கடக்கும் கப்பல்: ஒரு நாள் மறைவதும் இருமுறை வருவதும் ஏன்?

பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்லும் சொகுசுக் கப்பலில் பிறந்தநாளைக் கொண்டாட விரும்புவோர், பயணச்சீட்டைப் பதிவு செய்யும் முன் நாட்காட்டியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து நோக்கிச் செல்லும் கப்பலின் பயண அட்டவணையில், அக்டோபர் 11ஆம் தேதிக்கு அடுத்த வரியில் அக்டோபர் 13 என்று இருக்கக்கூடும். இடையில் உள்ள 12ஆம் தேதி அந்தக் கப்பலில் விடியவே விடியாது. அதே வழித்தடத்தில் எதிர்த்திசையில் வரும் கப்பலிலோ, அக்டோபர் 12 அடுத்தடுத்து இரண்டு முறை வரக்கூடும்.

அக்டோபர் 12ஆம் தேதி பிறந்தவருக்கு முதல் கப்பலில் பிறந்தநாளே இல்லை. இரண்டாவது கப்பலில் இரண்டு பிறந்தநாள்கள். இதற்குக் காரணம் சர்வதேசத் தேதிக்கோடு.

அப்படியானால் அந்தப் பயணிக்கு வாழ்வில் ஒரு நாள் உண்மையிலேயே குறைந்துவிடுகிறதா? அவரது வயது எப்படிக் கணக்கிடப்படும்? கொண்டாட்டத்தை எந்த நாளில் வைத்துக்கொள்வது? பயணக் காப்பீடு, மருந்துகள், விமானப் பதிவு ஆகியவற்றில் என்ன கவனம் தேவை? இக்கேள்விகளுக்கான விளக்கம் வருமாறு.

கோடு எங்கே செல்கிறது?

இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோடு 0 பாகை எனக் கொள்ளப்படுகிறது. உலக உருண்டையில் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் அமைந்திருப்பது 180 பாகைத் தீர்க்கக்கோடு. இந்தக் கோட்டை ஒட்டியே தேதிக்கோடு செல்கிறது. அதன் பெரும்பகுதி பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பிலேயே அமைந்துள்ளதால், நிலத்தில் வாழும் மக்களுக்கு அன்றாடக் குழப்பம் நேர்வதில்லை.

எனினும் தேதிக்கோடு நேர்கோடு அன்று. வடக்கே ரஷ்யாவுக்கும் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் இடையிலுள்ள பேரிங் நீரிணை வழியாக இறங்கி, அலூஷியன் தீவுகளை அமெரிக்கப் பக்கத்தில் விடுவதற்காக மேற்கே வளைகிறது. தெற்கே வரும்போது கிரிபாட்டி நாட்டின் தீவுகள் அனைத்தையும் ஒரே தேதியில் சேர்ப்பதற்காகக் கிழக்கே வெகுதூரம் விலகிச் செல்கிறது. சமோவா, டோங்கா, ஃபிஜி ஆகிய நாடுகளையும் நியூசிலாந்துக்குச் சொந்தமான சாத்தம் தீவுகளையும் மேற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னர் மீண்டும் 180 பாகைக்குத் திரும்புகிறது.

ஃபிஜியின் தவேயுனி தீவின் குறுக்கே 180 பாகைத் தீர்க்கக்கோடு செல்கிறது. அதைக் குறிக்கும் பலகையின் இருபுறமும் கால் வைத்துச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அங்கு இரண்டு கால்களுக்கும் ஒரே தேதிதான். தேதிக்கோடு அந்தத் தீவைச் சுற்றிக் கிழக்கே வளைந்து செல்வதே இதற்குக் காரணம்.

25 மணி நேர நாள்கள்

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கு 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகையை 24 ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை என்ற கணக்கு கிடைக்கும். எனவே மேற்கு நோக்கிச் செல்லும் பயணி ஒவ்வொரு 15 பாகைக்கும் தம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்புகிறார். அன்றைய நாள் அவருக்கு 25 மணி நேரம் கொண்டதாகிறது. கிழக்கு நோக்கிச் செல்பவர் கடிகாரத்தை முன்னே திருப்புவதால், அவரது நாள் 23 மணி நேரமாகச் சுருங்குகிறது.

மேற்கு நோக்கியே சென்று உலகை முழுமையாகச் சுற்றி வருபவர் இவ்வாறு 24 முறை ஒரு மணி நேரத்தைக் கூடுதலாகப் பெறுகிறார். மொத்தம் ஒரு முழு நாள். ஆனால் அவர் கண்ட சூரிய உதயங்களின் எண்ணிக்கை, ஊரில் இருந்தவர்கள் கண்டதைவிட ஒன்று குறைவாக இருக்கும். இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதற்காகவே வழியில் ஓரிடத்தில் நாட்காட்டியில் ஒரு தேதி தாண்டப்படுகிறது. அந்த இடமே தேதிக்கோடு.

இதை இந்தியப் பயணி ஒருவரின் வழித்தடத்தைக் கொண்டு பார்க்கலாம். இந்தியாவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா வழியாக மேற்கு நோக்கி ஹொனலுலு செல்பவர், அங்கு சேரும்போது தம் கடிகாரத்தை மொத்தம் 15 மணி 30 நிமிடம் பின்னே திருப்பியிருப்பார். ஹொனலுலுவிலிருந்து தேதிக்கோடு வரை கப்பலில் மேலும் 2 மணி நேரம். கோட்டைக் கடந்து ஆக்லாந்து சேர்ந்து, அங்கிருந்து விமானத்தில் இந்தியா திரும்பும்போது, நியூசிலாந்தின் வழக்கமான நேரப்படி இன்னும் 6 மணி 30 நிமிடம். மூன்றையும் கூட்டினால் சரியாக 24 மணி நேரம்.

ஆகவே நடுக்கடலில் அவர் இழந்ததாகத் தோன்றும் நாள், அவருக்குத் தவணை தவணையாக முன்னும் பின்னும் வழங்கப்பட்டுவிடுகிறது. சென்ற வழியிலேயே திரும்புபவருக்கோ, திரும்பும் பயணத்தில் ஒரு தேதி இருமுறை வந்து கணக்கு நேராகிறது. எந்த வகையிலும் வாழ்நாளில் ஒரு நொடியும் குறைவதில்லை. தேதியின் பெயர் மட்டுமே மாறுகிறது.

எந்தத் திசையில் எது நடக்கும்?

அமெரிக்காவிலிருந்து ஆசியா, ஆஸ்திரேலியா நோக்கி மேற்கே செல்லும்போது ஒரு தேதி தாண்டப்படும். ஆசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்கா நோக்கிக் கிழக்கே செல்லும்போது ஒரு தேதி திரும்ப வரும். நினைவில் கொள்ள வேண்டிய விதி இது ஒன்றே.

கப்பலில் தேதியை எந்த நேரத்தில் மாற்றுவது என்பது கேப்டனின் முடிவு. பெரும்பாலும் பயணிகள் உறங்கும் நள்ளிரவில் மாற்றம் செய்யப்படுகிறது. கோட்டைத் துல்லியமாகக் கடக்கும் நொடியில்தான் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு போன்ற முக்கிய நாள் விடுபடாதவாறு மாற்றத்தைச் சற்று முன்போ பின்போ வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

கடலில் பின்பற்றப்படும் நேர மண்டலங்கள் ஒவ்வொன்றும் 15 பாகை அகலம் கொண்டவை. 180 பாகையை நடுவில் கொண்ட மண்டலம் மட்டும் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரு பாதிகளிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும். தேதி மட்டும் வேறாக இருக்கும். எனவே தேதிக்கோட்டைக் கடக்கும் இரவில் கப்பலின் கடிகார முள் அசைவதில்லை. நாட்காட்டியின் தாள் மட்டும் மாறுகிறது. கப்பலின் வழிகாட்டுக் கருவிகளும் அவசரத் தொடர்பு முறைகளும் உலகம் முழுமைக்கும் பொதுவான ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இயங்குவதால், இந்த மாற்றத்தால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை.

தொலைந்த 12ஆம் தேதி எங்கே இருக்கிறது?

மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் அக்டோபர் 12 தாண்டப்படுகிறது என்று கொள்வோம். பயணி இந்தியாவில் பிறந்தவர். கப்பலில் 11ஆம் தேதி காலை 6.30 மணி ஆகும்போது, இந்தியாவில் நள்ளிரவு 12 மணி. அதாவது 12ஆம் தேதி தொடங்குகிறது. கப்பலில் 11ஆம் தேதி இரவு 8 மணிக்கு விருந்து நடக்கும்போது, இந்தியாவில் 12ஆம் தேதி பிற்பகல் 1.30 மணி. அன்று நள்ளிரவில் கப்பலின் நாட்காட்டி 13ஆம் தேதிக்குத் தாவுகிறது. அப்போது இந்தியாவில் 12ஆம் தேதி மாலை 5.30 மணி மட்டுமே. கப்பலில் 13ஆம் தேதி காலை 6.30 மணி ஆகும்போதுதான் இந்தியாவில் 12ஆம் தேதி முடிவடைகிறது.

ஆக, கப்பலின் 11ஆம் தேதி காலை முதல் 13ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரம் முழுவதும் இந்தியாவில் அக்டோபர் 12ஆம் தேதியே நிலவுகிறது. பிறந்த ஊரின் நேரப்படி அந்தப் பயணியின் பிறந்தநாள் முழுமையாக நடந்தேறிவிடுகிறது. கொண்டாட்டத்தை எப்போது வைப்பது என்ற கேள்விக்கு இதுவே எளிய விடை: தேதி மாறுவதற்கு முந்தைய மாலை. வீட்டில் இருக்கும் உறவினர்கள் வாழ்த்துச் சொல்ல அழைக்கும் நேரமும் அதுவாகவே இருக்கும்.

கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலில் 12ஆம் தேதி இருமுறை வந்தால் கணக்கு மறுபுறம் திரும்பும். முதல் 12ஆம் தேதி காலை 6.30 மணிக்கு இந்தியாவில் 12ஆம் தேதி தொடங்கி, இரண்டாவது 12ஆம் தேதி காலை 6.30 மணிக்கு முடிந்துவிடும். இரண்டாவது நாளின் மாலையில் நடக்கும் விருந்தின்போது இந்தியாவில் 13ஆம் தேதி நடந்துகொண்டிருக்கும்.

முதலில் கண்டறிந்தவர்கள்

உலகைச் சுற்றி வருபவரின் கணக்கில் ஒரு நாள் மாறுபடும் என்பது, எவரும் உலகைச் சுற்றி வருவதற்கு முன்பே கணித்துச் சொல்லப்பட்டது. சிரியாவைச் சேர்ந்த ஆட்சியாளரும் புவியியல் அறிஞருமான அபுல் ஃபிதா, 1331ஆம் ஆண்டு காலமானவர். ஒருவர் மேற்கேயும் ஒருவர் கிழக்கேயும் சென்று உலகைச் சுற்றி வந்து, ஊரிலேயே இருந்த மூன்றாமவரைச் சந்தித்தால், மூவரின் நாள் கணக்கும் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்று அவர் விளக்கியுள்ளார்.

சுமார் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அது மெய்யானது. 1519ஆம் ஆண்டு மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல்களில் எஞ்சிய விக்டோரியா, 1522 ஜூலையில் வெர்டே முனைத் தீவுகளை அடைந்தது. கப்பலின் கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழக்கிழமை என்றனர். பயணக் குறிப்புகளை நாள்தோறும் தவறாமல் எழுதிவந்த அந்தோணியோ பிகஃபெட்டா இதைக் கேட்டுத் திகைத்தார். கணக்கில் பிழை ஏதும் இல்லை என்பதும், சூரியன் செல்லும் திசையிலேயே சென்றதால் ஒரு நாள் குறைந்தது என்பதும் பின்னரே அவருக்கு விளங்கின.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1873ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட, எண்பது நாள்களில் உலகைச் சுற்றும் நாவலின் முடிச்சும் இதுவே. பம்பாய், அலகாபாத், கல்கத்தா வழியாகக் கிழக்கு நோக்கிச் சுற்றி வரும் கதாநாயகன், தான் பந்தயத்தில் தோற்றுவிட்டதாகவே எண்ணுகிறான். வழியில் ஒரு நாள் கூடியிருப்பதைக் கடைசி நேரத்தில்தான் அறிகிறான்.

மார்க் ட்வைன் இழந்த திங்கட்கிழமை

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1895ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியா துறைமுகத்திலிருந்து வாரிமூ என்ற கப்பலில் ஆஸ்திரேலியா நோக்கிச் சென்றார். கப்பல் தேதிக்கோட்டைக் கடந்தபோது செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை ஆனது. திங்கட்கிழமை மறைந்தது. அந்த நேரத்தில் கப்பலின் கீழ்த்தட்டில் ஒரு குழந்தை பிறந்ததாகவும், அது எந்த நாளில் பிறந்தது என்பதில் தாதியும் மருத்துவரும் கருத்து வேறுபட்டதாகவும் தமது பயண நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். அதே பயணத்தின் தொடர்ச்சியாக 1896 ஜனவரியில் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார்; பின்னர் கல்கத்தாவில் கப்பலேறிச் சென்னை, இலங்கை வழியாகத் திரும்பினார்.

இதே வாரிமூ கப்பலைப் பற்றிய வேறொரு கதை சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகிறது. 1899ஆம் ஆண்டின் கடைசி நள்ளிரவில் அக்கப்பல் நிலநடுக்கோடும் தேதிக்கோடும் சந்திக்கும் புள்ளியில் நின்றதாகவும், அதன் முன்பகுதி ஒரு நூற்றாண்டிலும் பின்பகுதி மற்றொரு நூற்றாண்டிலும் இருந்ததாகவும் அது கூறுகிறது. இதனை வரலாற்று உண்மையாகக் கொள்வதில் தடைகள் உள்ளன. சூரியனையும் விண்மீன்களையும் அளந்து இடத்தைக் கணித்த அக்காலத்தில், ஒரு மைல் அளவுக்குப் பிழை இயல்பானது; கப்பலின் நீளத்துக்குள் புள்ளியைப் பிடிப்பது அந்த முறையில் இயலாத செயல். மேலும் இருபதாம் நூற்றாண்டு முறைப்படி தொடங்கியது 1901 ஜனவரி 1ஆம் தேதி.

எந்த ஒப்பந்தமும் வரையாத கோடு

1884ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் பங்கேற்ற மாநாடு, கிரீன்விச் தீர்க்கக்கோட்டை உலகின் முதன்மைக் கோடாக ஏற்றது. ஆனால் தேதிக்கோடு எந்தெந்த இடங்கள் வழியாகச் செல்ல வேண்டும் என்று அம்மாநாடு வரையறுக்கவில்லை. இன்றளவும் அதை நிர்ணயிக்கும் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எந்தத் தேதியைப் பின்பற்றுவது என்று தானே முடிவு செய்கிறது. அம்முடிவுகளை வரைபடத்தில் இணைத்துப் பார்க்கும்போது கிடைப்பதே தேதிக்கோடு.

அதனால் கோடு பலமுறை இடம் மாறியுள்ளது. கப்பலேறாமல் வீட்டிலேயே இருந்த மக்களும் பிறந்தநாளை இழந்திருக்கின்றனர்.

ஸ்பெயினின் ஆட்சியில் மெக்சிகோ வழியாக நிர்வகிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ், நீண்டகாலம் அமெரிக்கக் கண்டத்தின் தேதியையே பின்பற்றியது. ஆசிய அண்டை நாடுகளோடு ஒத்துப்போவதற்காக, 1844 டிசம்பர் 30ஆம் தேதிக்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1 என அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கு டிசம்பர் 31 இல்லை. 1867ஆம் ஆண்டு ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியபோது அப்பகுதி ஆசியத் தேதியிலிருந்து அமெரிக்கத் தேதிக்கு மாறியது.

சமோவா இருமுறை பக்கம் மாறிய நாடு. அமெரிக்க வணிகத்துக்கு ஏற்ப 1892ஆம் ஆண்டு அது கோட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாறியது. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அங்கு இரண்டு முறை வந்தது. 119 ஆண்டுகளுக்குப் பின் வணிகத்தின் திசை மாறியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சமோவாவின் முக்கியக் கூட்டாளிகளாயின. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது அந்நாடுகளில் சனிக்கிழமை விடுமுறை. அங்கு திங்கட்கிழமை அலுவலகங்கள் திறக்கும்போது சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் இரண்டு வேலை நாள்கள் வீணாவதைத் தவிர்க்க, பிரதமர் துயிலேபா சைலேலே அரசு கோட்டை மாற்றியது. 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை நள்ளிரவுக்குப் பின் டிசம்பர் 31, சனிக்கிழமை பிறந்தது. இடைப்பட்ட வெள்ளிக்கிழமைக்கும் ஊழியர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

மாற்றம் மதநம்பிக்கைகளையும் தொட்டது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரிடையே, புதிய நாட்காட்டியின் சனிக்கிழமையை ஏற்பதா, பழைய கணக்கின் ஏழாம் நாளான புதிய ஞாயிற்றுக்கிழமையைத் தொடர்வதா என்று கருத்து வேறுபாடு எழுந்தது.

இன்று சமோவாவின் ஏபியாவில் 15ஆம் தேதி மாலை 5.30 மணி ஆகும்போது, அருகிலுள்ள அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் 14ஆம் தேதி மாலை 5.30 மணி. இந்தியாவில் அப்போது 15ஆம் தேதி காலை 10 மணி. இரு சமோவாக்களுக்கும் இடையே குறுகிய விமானப் பயணம் மேற்கொண்டால் ஒரே பிறந்தநாளை இருமுறை கொண்டாடலாம்.

கிரிபாட்டி நாட்டின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. அதன் தீவுகள் கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடந்ததால், நாடு முழுவதற்கும் பொதுவான வேலை நாள்கள் வாரத்துக்கு நான்கு மட்டுமே. 1995ஆம் ஆண்டு பிறந்தபோது அந்நாடு தன் கிழக்குத் தீவுகளையும் மேற்குப் பக்கத் தேதிக்குக் கொண்டுவந்தது. இதனால் உலகில் ஒவ்வொரு புதிய தேதியும் முதலில் பிறப்பது அந்நாட்டின் லைன் தீவுகளில்தான்.

பிறந்தநாளைத் தானம் செய்த எழுத்தாளர்

சமோவாவின் முதல் மாற்றம் நிகழ்ந்த காலத்தில் அங்கு வாழ்ந்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அமெரிக்க அதிகாரி ஹென்றி ஐட் என்பவரின் மகள் ஆனி, கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர். தனக்கெனத் தனியே பிறந்தநாள் இல்லை என்ற அச்சிறுமியின் குறையை அறிந்த ஸ்டீவன்சன், நவம்பர் 13ஆம் தேதி வரும் தமது பிறந்தநாளை அவருக்கு வழங்குவதாக 1891 ஜூனில் சட்ட ஆவண நடையில் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சிறுமி நிபந்தனைகளை மீறினால் அந்த நாள் அமெரிக்க அதிபருக்குச் சேரும் என்றும் அதில் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டே அத்தீவில் ஒரு தேதி அரசாணையால் இருமுறை வந்தது.

வயதும் சட்டமும்

கப்பலில் ஒரு தேதி தாண்டப்பட்டால் சட்டப்படி வயது பாதிக்கப்படுமா? இல்லை. இந்தியர் எப்போது மேஜர் ஆகிறார் என்பதை வரையறுக்கும் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இதில் தெளிவாக உள்ளது. பிறந்த நாள் முழு நாளாகக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். அந்த நாளின் 18ஆவது ஆண்டுநிறைவு தொடங்கும்போது வயது நிறைவடைகிறது. பிறந்த நேரமோ, பிறந்தநாளன்று ஒருவர் இருக்கும் கடலோ கணக்கில் வருவதில்லை. கடவுச்சீட்டிலும் பிறந்த தேதி மட்டுமே இடம்பெறுகிறது. கப்பலின் நாட்காட்டி, பயணிகளின் உணவு வேளைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் உரிய உள் ஏற்பாடு மட்டுமே.

நாட்காட்டியில் பிறந்தநாள் வராமல் போவது புதிதும் அன்று. முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டாக அமையாததால், அவருக்கு முதல் முறையாக அந்தத் தேதி மீண்டும் வந்தது 1904ஆம் ஆண்டில்தான். 99 வயது வரை வாழ்ந்த அவரது வாழ்நாளில் பிறந்தநாள் தேதி 23 முறை மட்டுமே வந்தது. வயது ஆண்டுதோறும் கூடிக்கொண்டேதான் இருந்தது.

தமிழ்க் குடும்பங்களில் தமிழ் மாதத்தையும் ஜென்ம நட்சத்திரத்தையும் கொண்டு பிறந்தநாள் பார்க்கும் வழக்கம் உண்டு. மணிவிழா போன்றவையும் அவ்வாறே குறிக்கப்படுகின்றன. நட்சத்திரம் என்பது வானில் சந்திரன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. சந்திரன் ஒரு நட்சத்திரப் பிரிவைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுமைக்கும் ஒன்றே. கப்பலில் தேதி தாண்டப்பட்டாலும் அந்த நட்சத்திரம் தாண்டப்படுவதில்லை. எந்தக் கிழமையில் வருகிறது என்பது மட்டுமே மாறும்.

கோட்டைக் கடந்த இந்திய மாலுமிகள்

பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய இந்தியக் கடற்படையினரும் இக்கணக்கைச் சந்தித்துள்ளனர். 2017-18ஆம் ஆண்டுகளில் வர்த்திகா ஜோஷி தலைமையில் 6 பெண் அதிகாரிகள் ஐஎன்எஸ்வி தாரிணியில் உலகைச் சுற்றி வந்தனர். அதே படகில், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே மாத இறுதியில் திரும்பினர். இரு பயணங்களிலும் நியூசிலாந்தின் லிட்டெல்டன் துறைமுகத்துக்கும் ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்துக்கும் இடையே தேதிக்கோடு கிழக்கு நோக்கிக் கடக்கப்பட்டது. அத்திசையில் செல்வோருக்கு நாள்கள் சுருங்கிக்கொண்டே வருவதால், கோட்டைக் கடக்கையில் ஒரு தேதி மீண்டும் எண்ணப்படுகிறது.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பயண அட்டவணை. பிறந்தநாள், மணநாள் போன்றவற்றுக்காகச் செல்வோர் பயணத்தின் திசையையும், எந்தத் தேதி தாண்டப்படும் அல்லது திரும்ப வரும் என்பதையும் முன்பதிவுக்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும். வானிலையால் பயணவழி மாறினால் அந்தத் தேதியும் மாறலாம். பயண நாள்களைத் தேதிகளைக் கழித்துக் கணக்கிடாமல், கப்பலில் தங்கும் இரவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, மருந்து. நாள்தோறும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் தேதியைப் பார்த்து மருந்தைத் தவிர்க்கவோ கூட்டவோ கூடாது. நாட்காட்டியில் ஒரு நாள் மறைந்தாலும் உடலுக்கு மறைவதில்லை. முந்தைய வேளைக்குப் பின் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே கணக்கு. கடிகாரம் அடிக்கடி மாறும் இத்தகைய நீண்ட பயணத்துக்கு முன் மருத்துவரிடம் வேளைகளை எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். இருமுறை வரும் தேதியைக் கணக்கில் கொண்டு கூடுதல் மருந்து எடுத்துச் செல்வதும் நல்லது.

மூன்றாவது, காப்பீடும் விசாவும். பயணக் காப்பீடு எந்த நாட்டின் நேரப்படி தொடங்கி முடிகிறது என்பதை ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா, விடுதி, தொடர் விமானம் ஆகியவற்றுக்குச் சென்று சேரும் இடத்தின் உள்ளூர்த் தேதியே பொருந்தும். ஹவாயில் இருந்தபடி நியூசிலாந்து விடுதியைப் பதிவு செய்யும்போது ஒரு நாள் பிசகினால், அறை இல்லாமலோ வீண் கட்டணத்துடனோ முடியலாம்.

நான்காவது, கைப்பேசி. அதன் தானியங்கி நேர அமைப்பு, கப்பலின் நேரத்தோடு எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பவர்கள், கப்பல் புறப்படும் நேரத்தைக் கப்பலின் கடிகாரத்தைக் கொண்டே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

50 மணி நேரம் வாழும் தேதி

ஒரு தேதி கிரிபாட்டியின் லைன் தீவுகளில் பிறந்து, கோட்டின் மறுபுறத்தில் மக்கள் வசிக்காத பேக்கர் தீவில் முடியும் வரை 50 மணி நேரம் பூமியில் நிலவுகிறது. இதன் விளைவாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் உலகில் ஒரே சமயத்தில் மூன்று தேதிகள் நடைமுறையில் இருக்கின்றன. இந்திய நேரப்படி அது பிற்பகல் 3.30 மணி முதல் 5.30 மணி வரை. நாம் இன்றைய தேதியில் இருக்கும் அந்த வேளையில், பசிபிக் பெருங்கடலின் ஒருபுறம் நாளையும் மறுபுறம் நேற்றும் நடந்துகொண்டிருக்கும்.

எனவே கப்பலின் அட்டவணையில் தம் பிறந்த தேதியைக் காணாத பயணி கவலைப்படத் தேவையில்லை. தேதி மாறும் இரவுக்கு முந்தைய மாலை விருந்துக்கு மேசையைப் பதிவு செய்துகொண்டால் போதும். அந்த நேரத்தில் அவர் பிறந்த ஊரில் அவரது பிறந்தநாள் பிற்பகலைத் தொட்டிருக்கும்.